முட்டைக்கண்ணியும் பக்குவ வாரியமும்

என் மகள் தன் எட்டாவது மாதத்தில், ஒரு வாரியத்தின் கொள்கைக்கு நேர் எதிராக, அந்த வாரியத்தின் பூந்தொட்டியிலேயே ஒன்றுக்குப் போனாள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தச் செடி இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் புதுமைப் பெற்றோர் ஒன்றும் இல்லை. நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகமும் நாங்கள் படித்ததில்லை. படிக்க உட்கார்ந்தால் இரண்டாவது பக்கத்தில் இருவருமே தூங்கிவிடுவோம். டயப்பர் போட்டால் பாப்பாவுக்கு இடுப்பெல்லாம் சிவந்து தடித்தது. போடாமல் விட்டால் பாய், தலையணை, என் சட்டை என்று எதுவும் தப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் விழி பிதுங்கிக்கொண்டிருந்தபோது மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள். ஒன்றுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாப்பா விளையாட்டை நிறுத்துகிறாள். கை காலை அசைப்பதில்லை. கண் இரண்டும் முட்டை மாதிரி விரிகிறது. ஏதோ ஒரு பழைய ஆளின் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் போலச் சுவரைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் நாம் நனைகிறோம்.

"பஸ்ஸுல எறங்கப் போறவங்க மூஞ்சி இப்படித்தாங்க இருக்கும்," என்றாள் மனைவி. "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே கண்ணாடியில பாத்து எனக்குத் தெரிஞ்சிடும். ஸ்டாப்பிங் வருதுன்னு தெரிஞ்சா வண்டிய நிறுத்த வேண்டியதுதானே?"

அன்றிலிருந்து, கண் விரிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு பிளாஸ்டிக் பேசின் மேல் பிடித்து, காதோரமாக மெல்ல "ஸ்ஸ்ஸ்" என்போம். ஆரம்பத்தில் பெரும்பாலும் நாங்கள்தான் தோற்றோம். போகப் போக அவள் எங்களை நன்றாகப் பழக்கி எடுத்துவிட்டாள். அவள் கண்ணை விரிப்பாள், நாங்கள் ஓடுவோம். காரியம் முடிந்ததும் உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் பாதிச் சுவரோடு ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. முட்டைக்கண்ணி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மனைவியின் பிரசவ விடுப்பு முடியாமல் இருந்திருந்தால் இது எங்கள் மூவரோடு போயிருக்கும். டெப்போ மேலாளர் சொல்லியனுப்பினார்: மாதம் பிறந்ததும் வந்து வண்டியை எடுக்காவிட்டால் அவள் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு பேருந்து நிலைய விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்து பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்காக அவள் யார் யாரிடம் என்னென்ன பேச்சு வாங்கினாள் என்று எனக்குத் தெரியும். தடம் போனால் அவள் அழ மாட்டாள்; பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்கு அதுதான் பயம். எங்கள் பகுதியில் இருந்த ஒரே குழந்தைகள் காப்பகம் மழலையர் பக்குவ வாரியம் நடத்துவது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மூவருமாக அங்கே போனோம்.

வரவேற்பறைச் சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். எல்லாக் குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தன, எல்லாம் உலர்ந்திருந்தன. மேலே ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வைத்த வாளி நிரம்பி, தரையெல்லாம் தண்ணீர். வாளி நிரம்பப் போவது யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே பக்குவ அலுவலர் இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர்?"

"போடறதில்ல மேடம்," என்றேன்.

"தீந்துபோச்சா?"

"தேவைப்படல. வர்றப்ப தூக்கிட்டுப் போயிடுவோம்."

பேனா நின்றது. கண்ணாடி மூக்குக்கு ஏறியது. "வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்? குழந்தை சொல்லுதா?"

"சொல்லாது. பாத்தாத் தெரியும்."

"பாத்தாத் தெரியும்ங்கறதெல்லாம் ஒரு முறையே இல்லீங்க," என்றார் அலுவலர். குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "பதினெட்டு மாசம் ஆகற வரைக்கும் குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இது நான் சொல்றதில்ல, வாரியம் சொல்றது. அதுக்கு முன்னாடி குழந்தைய உக்கார வச்சா மனசு பாதிக்கும். பிற்காலத்துல பெரிய பொறுப்புக்கு வர முடியாது. வாரியம் வர்றதுக்கு முன்னாடி குழந்தைங்க தன்னிச்சையா என்னென்னவோ பண்ணிட்டுத் திரிஞ்சுதுங்க. அதையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் நாங்க இருக்கோம்."

அப்போது என் மனைவி என் முழங்கையை இடித்தாள். பாப்பாவின் கண் விரிந்திருந்தது.

"மேடம், பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"குழந்தைக்கா? பதினெட்டு மாசத்துக்குக் கீழ அனுமதி இல்ல."

பேருந்து ஓட்டுகிறவர்கள் முடிவெடுக்க யோசித்துக்கொண்டிருப்பதில்லை. மனைவி இரண்டே எட்டில் அறை மூலைக்குப் போய், அங்கிருந்த பூந்தொட்டியின் மேல் பாப்பாவைப் பிடித்து, "ஸ்ஸ்ஸ்" என்றாள். மண் குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பாப்பா சிலிர்த்துக்கொண்டு, அலுவலரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். அலுவலர் அதற்குள் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தற்செயல்," என்றார் ஜன்னலிடம்.

"நீங்க பாக்கவே இல்லையே மேடம்?"

"பாக்காததாலதான் தற்செயல்னு சொல்றேன். பாத்திருந்தா விதிமீறல்னு சொல்லணும். எது வேணும் உங்களுக்கு?"

தற்செயலே போதும் என்றோம். டயப்பர் கட்டாயம், பேசின் கூடாது, நடத்தை திருப்தியாக இல்லாவிட்டால் இடம் ரத்து என்ற நிபந்தனையோடு பாப்பாவுக்கு இடம் கிடைத்தது. கிளம்பும்போது என் தொழில் என்னவென்று அலுவலர் கேட்டார். பெயிண்டர் என்றதும் அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. வாரியத்தின் காம்பவுண்டுச் சுவரில் கொள்கை வாசகம் மங்கிப்போய்விட்டதாம்.

ஆக, "அவசரம் வேண்டாம்! பதினெட்டு மாதம் பொறுத்திருப்போம்!" என்று வெள்ளைச் சுவரில் நீல எழுத்தில் நானே எழுதினேன். ஒவ்வோர் எழுத்தும் என் மகள் உயரம் இருந்தது. ஆச்சரியக்குறிகளைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

மனைவி வண்டி எடுக்கப் போனாள். பாப்பா டயப்பர் கட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். போனவள் நாள் முழுக்க அதை நனைக்கவே இல்லை. சாயங்காலம் நான் எடுக்கப் போனால் முகம் சிவக்கக் கத்துவாள். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடுவேன். 'பொறுத்திருப்போம்' என்ற சொல்லுக்கு நேர் பின்பக்கம் அவள் பொறுத்தது போதும் என்று முடித்துக்கொள்வாள்.

காப்பகத்தில் ஓர் ஆயா அக்கா இருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று எப்போதும் ஒரு கூட்டத்தோடு நடமாடுகிறவர்.

"தம்பி, உங்க பொண்ணு டயப்பர் காஞ்சே கெடக்கு," என்றார் ஒருநாள். "காஞ்சிருந்தா இங்க நோயாளிக் கணக்கு. வாரா வாரம் இயக்குநர் வந்து ஈர ஆய்வு பண்ணுவாரு. எடை வரலேன்னா இடத்தத் தூக்கிடுவாங்க. எனக்கும் திட்டு விழும்."

"நாங்க என்னக்கா பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கொழாய்ல தண்ணி வருதில்ல?"

ஈர ஆய்வு என்பது ஒரு பெரிய சடங்கு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இயக்குநர் வருவார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையுறை, பின்னால் இரண்டு உதவியாளர்கள். மேசைமேல் தராசு. ஒவ்வொரு டயப்பரும் பெயரோடு அதில் ஏறும். உதவியாளர் எடையை உரக்கப் படிப்பார். எடை கூடினால் இயக்குநர் தலையசைப்பார், குறைந்தால் அந்தக் குழந்தையை ஒரு பார்வை பார்ப்பார். அந்த வாரம் எங்கள் முட்டைக்கண்ணியின் டயப்பர் ஏறியதும் தராசின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. ஆயா அக்காவுக்குத் தாராள மனசு, குழாயிலும் அன்றைக்கு நல்ல வேகம்.

"அபாரம்!" என்றாராம் இயக்குநர். "இதுதான் ஆரோக்கியமான குழந்தை. என்ன குடுக்கறீங்க இவளுக்கு?"

"பாசம் சார்," என்றாராம் ஆயா அக்கா.

'சராசரிக்கு மேல்' என்று ஒரு பட்டையைப் பாப்பாவின் சட்டையில் குத்தி அனுப்பினார்கள். அதை அவள் வீடு வரும்வரை சப்பிக்கொண்டே வந்தாள். எங்களுக்கும் நிம்மதிதான். மனைவி தன் தடத்தில் இருந்தாள், பாப்பா தன் இடத்தில் இருந்தாள், வாரியம் தன் கொள்கையில் இருந்தது. நடுவில் ஒரு குழாய் மட்டும் கொஞ்சம் வேலை செய்தது.

அடுத்த ஆய்வுக்கு முன்னால் பக்குவ அலுவலர் கை கழுவக் குழாயடிக்கு வந்தார். ஆயா அக்கா கையும் டயப்பருமாக மாட்டிக்கொண்டார்.

எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "குழந்தை ஈரமாக்காம இருந்தது ஒரு தப்பு," என்றார் அலுவலர். "ஈரமான மாதிரி காட்டினது அதைவிடத் தப்பு. இதுல என்னன்னா, உங்க மக ஒருத்தியால வாரியத்தோட ஈரச் சராசரியே ஏறிப்போய், அத நாங்க மேலிடத்துக்கு வேற அனுப்பிட்டோம். ஆணையர் பாராட்டியிருக்காரு. இப்ப நாங்க என்ன பண்றது சொல்லுங்க?"

"மேடம், அவ உண்மையாவே பேசின்ல போவா," என்றாள் மனைவி. வண்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், சீருடையை மாற்றவில்லை. "நீங்களே பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்ப்பதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. பார்ப்பது என்பது ஒரு முறையே இல்லை என்று சொன்ன அதே வாரியம்தான். ஆனால் குழுவாக உட்கார்ந்து பார்த்தால் அது முறையாகிவிடுமாம்.

கூட்ட அறையின் நீள மேசைமேல் பச்சைத் துணி விரித்து, நட்டநடுவில் ஒரு புது பேசினை வைத்திருந்தார்கள். சுற்றிலும் வாரிய உறுப்பினர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்க் குப்பி, பிஸ்கட் தட்டு. மேசைமேல் ஏறி நிற்க முடியாததால் என் மனைவி ஒரு நாற்காலிமேல் நின்று பாப்பாவைப் பேசினில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டாள். பாப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களும் அவளைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் எனக்கும் வராது.

ஓர் உறுப்பினர் கழுத்தை நீட்டிப் பேசினுக்குள் பார்த்தார். இன்னொருவர் பிஸ்கட்டைக் கடித்தபடியே, "குழந்தைக்குக் கூட்டப் பொருள் சரியா விளக்கப்பட்டதா?" என்று கேட்டார். "கோரம் இருக்கா, போதுமான உறுப்பினருங்க வந்தாச்சா?" என்றார் வேறொருவர். பேச்சு வளர்ந்து இரைச்சலாகியது. மனைவி மட்டும் பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவின் கண் மெல்ல விரியத் தொடங்கியது.

இயக்குநர் எழுந்தார். அவருக்குப் பேச்சுச் சத்தம் ஆகாது. குழந்தைகள் காப்பகத்தின் தலைமைக்கு அவர் எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உதட்டில் விரலை வைத்து, "ஸ்ஸ்ஸ்ஸ்!" என்றார்.

அறை அமைதியானது. அந்த அமைதியில், பேசினுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குழாய்ச் சத்தம் கணீரென்று கேட்டது. பாப்பா சிலிர்த்தாள், சிரித்தாள்.

இயக்குநர் விரலை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே பேசினைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், பிறகு உறுப்பினர்களைப் பார்த்தார். "கவனிச்சீங்களா?" என்றார் மெதுவாக. "நான் சொன்னேன். அது செஞ்சுது. முப்பது வருஷ உத்தியோகத்துல, நான் சொன்னவுடனே ஒரு வேலை நடந்தது இதுதாங்க முதல் தடவை."

அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவி வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் காலை மிதித்தேன்.

அடுத்த வாரமே கொள்கை மாறியது. புதுத் திட்டத்துக்கு 'தொட்டில் முதல் தூய்மை' என்று பெயர். மூன்றாம் மாதம் முடிந்த எந்தக் குழந்தையும் இனி வாரிய வளாகத்தில் டயப்பர் கட்டக் கூடாது. பதினெட்டு மாதம் என்று என்னிடம் சொன்ன அதே பக்குவ அலுவலர், அதே நாற்காலியில், அதே பரிதாபக் குரலில், பெற்றோர் கூட்டத்தில் விளக்கினார்: "குழந்தைக்குக் கட்டுப்பாடு பொறந்ததுலேர்ந்தே இருக்கு. இது நான் சொல்றதில்ல, வாரியம் சொல்றது. பதினெட்டு மாசம் வரைக்கும் சும்மா விட்டா மனசு பாதிக்கும். பிற்காலத்துல பெரிய பொறுப்புக்கு வர முடியாது. இத்தனை நாளா பொறுத்திருந்த பெற்றோர்தான் இதுக்கெல்லாம் காரணம்."

என்னையும் கூப்பிட்டார்கள். பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்து, "இன்றே! இப்போதே! தொட்டில் முதல் தூய்மை!" என்று எழுதினேன். இந்தத் தடவை ஆச்சரியக்குறி ஒன்று அதிகம். நீல எழுத்துக்கு மேல் அடித்த வெள்ளை என்பதால், வெயில் சாய்வாக விழும்போது அடியிலிருந்து 'பொறுத்திருப்போம்' லேசாகத் தெரிந்தது. இன்னொரு கோட்டிங் அடிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை என்றார்கள்.

திட்டம் இப்படி நடந்தது. கூடத்தில் வரிசையாகப் பேசின்கள். மணி அடித்ததும் குழந்தைகளைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் வரும்: "ஸ்ஸ்ஸ்ஸ்." தன் குரலை இதற்காகவே தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்திருந்தார். வேறு குரல் எடுபடாது என்பது அவர் நம்பிக்கை. குழந்தைகளும் பாவம், அதுகளுக்கு வாரியம் தெரியாது, சத்தம் தெரியும். கொஞ்ச நாளில் அந்த 'ஸ்ஸ்ஸ்' கேட்டால் தூக்கத்தில் இருக்கிற குழந்தைகூட வேலையை முடித்துவிடும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒருத்தி மட்டும் வழிக்கு வரவில்லை.

"உங்க மக ஒத்துழைக்க மாட்டேங்கறா," என்றார் அலுவலர். "மணி அடிச்சா உக்காந்து சிரிக்கறா. எந்திரிக்க வச்சதுக்கு அப்புறம் கண்ண விரிக்கறா."

"அவளுக்கு வர்றப்ப போவா மேடம்."

"வர்றப்ப போறதுக்கு ஒரு திட்டம் எதுக்குங்க?"

உண்மையில் அது நல்ல கேள்வி.

மணி அடிக்காத நேரத்தில் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று ஆயா அக்காவுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவருடைய வேலையே குழாயடி விவகாரத்துக்குப் பிறகு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே முட்டைக்கண்ணி கண்ணை விரிப்பாள், அக்கா பார்ப்பார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், தரை நனையும், 'பின்தங்கியவர்' என்ற வரிசையில் பாப்பாவை உட்கார வைப்பார்கள். சராசரிக்கு மேல் என்று பட்டை வாங்கியவள் ஒரு சொட்டும் நனைக்காமல் வாங்கினாள். நனைத்த பிறகு பின்தங்கிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நான் எடுக்கப் போனபோது அவள் கத்தவில்லை. வீட்டில் பேசின் மேல் பிடித்தபோது போனாள், ஆனால் சிரிக்கவில்லை. கண்ணை விரித்தால் யாரும் வர மாட்டார்கள் என்பதை அவ்வளவு சின்ன உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. மனைவி சீருடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேலைய விட்டுடறேங்க," என்றாள்.

"விட்டுடுவியா?"

நான் பயந்துகொண்டிருந்த அந்த மௌனம் அன்றைக்கே வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

திட்டத்தின் அதிகாரபூர்வத் தொடக்க விழாவுக்கு ஆணையர் வருவதாக இருந்தது. பக்குவ அலுவலர் முன்கூட்டியே எச்சரித்தார்: "திட்டத்துக்கே காரணமான குழந்தை திட்டத்துல தோத்தா வாரியத்துக்கு அசிங்கம். மேடையில எல்லாக் குழந்தைங்களோட சேந்து இவளும் சொன்ன நேரத்துக்குப் போயாகணும். இல்லேன்னா மறுநாள்லேர்ந்து கூட்டிட்டு வராதீங்க."

விழாவுக்குப் பேசின்களுக்குத் தங்க நிறம் அடித்துக் கொடுத்தது நான்தான். அவற்றை மேடையின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் அதிகாரி, ஒவ்வோர் அதிகாரி மடியிலும் ஒரு குழந்தை. தூய்மையின் நிறம் வெண்மை என்று சுற்றறிக்கை வந்திருந்ததால் அத்தனை பேரும் வெள்ளை உடையில். டயப்பர் இல்லாத வாரியம் என்பது படத்தில் தெரிய வேண்டுமே, குழந்தைகளுக்கு மேல்சட்டை மட்டும்தான். சொன்ன நேரத்தில் குறை வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் பழச்சாறு வேறு. முட்டைக்கண்ணி இயக்குநர் மடியில் இருந்தாள். பக்குவ அலுவலர் மடியில் ஒரு குண்டுப் பயல், ஆணையர் மடியில் இரட்டையர்.

மனைவி இரண்டு பஸ் நடைக்கு நடுவில் ஓடிவந்து கூடத்தின் கடைசியில் நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில்.

ஆணையர் பேசினார். நன்றாகவே பேசினார், நிறுத்தத்தான் தெரியவில்லை. "சொன்னால் செய்கிற குடிமக்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை," என்றார். "அவர்களை நாம்தான் உருவாக்க வேண்டும். யோசிக்காமல், கேள்வி கேட்காமல், ஓர் ஒலி கேட்ட மாத்திரத்தில் கடமையை முடிக்கிற ஒரு தலைமுறை இந்த மேடையில் அமர்ந்திருக்கிறது. இத்திட்டத்தின் பலனை நீங்கள் ஒவ்வொருவரும் நேரடியாக உணரப் போகிறீர்கள்."

பெற்றோர்கள் கைதட்டவில்லை; தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நீள நீளச் சலசலப்பு கூடியது. யாரோ தும்மினார்கள், யாரோ சிரித்தார்கள். இயக்குநரின் முகம் கடுகடுத்தது. பக்குவ அலுவலருக்கு ஒரு நொடி முன்னால் ஏதோ புரிந்திருக்க வேண்டும், "சார், வேணாம் சார்!" என்று கையை நீட்டினார். அதற்குள் இயக்குநர் தன் முன்னால் இருந்த மைக்கை வாயருகே இழுத்துவிட்டார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் அது இரைந்தது. கூட்டம் அடங்கியது. அந்தத் தலைமுறை தன் கடமையை முடித்தது.

மேடையில் முதலில் யாரும் அசையவில்லை. ஆணையர் ஒரு சொல்லின் பாதியில் நின்று கீழே குனிந்து பார்த்தார். இரட்டையர் என்பதால் அவருக்குப் பங்கு இரண்டு. குண்டுப் பயல் பக்குவ அலுவலரின் சங்கிலிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக முடித்தான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழ முயன்றார்கள். ஆனால் குழந்தைகளைக் கீழே விட முடியாது, தொடைகளை ஒட்டவும் முடியாது, புகைப்படக்காரரோ நிறுத்துவதாக இல்லை.

உலர்ந்திருந்தது இயக்குநர் ஒருவர்தான். முட்டைக்கண்ணி அவர் சத்தத்தைச் சட்டை செய்யவே இல்லை. அவள் கூடத்தின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அம்மா நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண் இரண்டும் மெல்ல விரிந்தது.

"ஏங்க, ஸ்டாப்பிங்!" என்று மனைவி கத்தியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. நாற்காலிகளுக்கு நடுவில் ஓடி, மேடையேறி, இயக்குநர் மடியிலிருந்து பாப்பாவை அள்ளி, தங்கப் பேசினில் உட்கார வைத்து, காதோரமாக "ஸ்ஸ்ஸ்" என்றாள். விழாவிலேயே பேசினுக்குள் போனது என் மகள் ஒருத்திதான். போய்விட்டு, சிலிர்த்து, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் வந்த சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகைப்படக்காரர் அதைப் படம் எடுக்கவில்லை. ஆணையர் பக்கம் மும்முரமாக இருந்தார்.

விசாரணை அறிக்கை விரைவாகவே வந்தது. குழந்தைகள் உத்தரவுக்கு உடனடியாகக் கட்டுப்பட்டதால் திட்டம் முழு வெற்றி. ஆனால் அதிகாரிகள் அந்த வெற்றிக்கு இன்னும் பக்குவப்படவில்லை. ஆகவே திட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது. பதினெட்டு மாதம், டயப்பர், ஈர ஆய்வு எல்லாம் முன்போலவே தொடரும். வாரிய வளாகத்தில் யாரும் யாரையும் 'ஸ்ஸ்' என்று அடக்கக் கூடாது. வெள்ளை உடை தவிர்க்கப்பட வேண்டும். உலர்ந்த நிலையில் மேடையை விட்டு இறங்கிய ஒரே அதிகாரி என்ற முறையில் இயக்குநருக்குப் பதவி உயர்வு கொடுத்து வடிகால் துறைக்கு அனுப்பினார்கள்.

பக்குவ அலுவலர் எங்களைக் கூப்பிட்டார். பூந்தொட்டி அதே மூலையில் தழைத்திருந்தது.

"உங்க மக மேல ரெண்டு புகார்," என்றார். "வயசுக்கு முன்னாடி போனது ஒண்ணு. உத்தரவுக்குப் போகாதது ஒண்ணு. ஒண்ணுக்கு நடவடிக்கை எடுத்தா இன்னொண்ணு அடிபட்டுப் போகுது. அதனால பழைய நிபந்தனைதான். டயப்பர். அடுத்த ஈர ஆய்வுல எடை வரணும். வரலேன்னா இடம் ரத்து. இனிமே என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அவர் கழுத்தில் கண்ணாடிச் சங்கிலியைக் காணோம்.

சுவருக்கு மூன்றாம் தடவை வெள்ளை அடித்தேன். "அவசரம் வேண்டாம்!" வரை எழுதிவிட்டு ஏணியில் நின்றிருந்தபோது, சுவருக்கு மேலாக உள்ளே குழாயடி தெரிந்தது. ஈர ஆய்வு நாள். மனைவியின் தடத்துப் பேருந்து அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஆயா அக்கா வந்தார். கையில் சருகு மாதிரி காய்ந்த ஒரு டயப்பர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. இன்னும் திருகினார். குழாய் இருமியது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் பக்குவ அலுவலர் வந்துகொண்டிருந்தார். சத்தம் போட்டு எச்சரிக்கலாம் என்றால் என்ன சத்தம் போடுவது? போடக் கூடிய ஒரே சத்தத்தைத்தான் தடை செய்திருந்தார்களே.

அலுவலர் குழாயடிக்கு வந்து நின்றார். டயப்பரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா கையைப் பின்னால்கூட மறைக்கவில்லை. இனி எதற்கு என்பது போல நின்றார்.

அலுவலர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரவேற்பறையில் ஏசிக்குக் கீழே இருக்குமே, அந்த வாளி. அதைக் குழாயடியில் வைத்தார்.

"கொஞ்சமா நனைங்க," என்றார் அக்காவிடம். "போன தடவை மாதிரி முள்ளு கடைசிக்குப் போயிடக் கூடாது. சராசரி போதும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில்தான் சுவர் இருந்தது, சுவருக்கு மேல் நான் இருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பெயிண்டரே," என்றார். "நான் எதையும் பாக்கல."

"நானும் பாக்கல மேடம்," என்றேன். "தற்செயலா நிக்கறேன்."

பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்து, 'பொறுத்திருப்போம்' என்று எழுத ஆரம்பித்தேன்.